ஓரத்துல விளம்பரம் ஆடுது... கம்ப்யூட்டர் திணறுது! காரணம் என்ன? நிறுத்துவது எப்படி?

ஒரு வெப்சைட்டைத் திறந்த சில நொடிகளில் லேப்டாப் ஃபேன் சத்தம் போட ஆரம்பிக்கிறது. ஸ்க்ரோல் செய்தால் பக்கம் விட்டுவிட்டு நகர்கிறது. டைப் செய்த எழுத்து தாமதமாக வந்து விழுகிறது. உடனே பலரும் எடுக்கும் முடிவு, ‘சிஸ்டம் பழசாயிடுச்சு, மாத்தணும்’ என்பதுதான்.

கொஞ்சம் பொறுங்க. பக்கத்தின் ஓரத்தில் ஆடிக்கொண்டும் மின்னிக்கொண்டும் இருக்கும் ஒரு விளம்பரம்கூட இதற்குக் காரணமாக இருக்கலாம். சர்வீஸ் சென்டருக்குப் போவதற்கு முன், காசு செலவில்லாமல் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விளம்பரம் எப்படி கம்ப்யூட்டரை ஸ்லோ ஆக்கும்?

செய்தித்தாளில் வரும் விளம்பரம் ஒருமுறை அச்சானால் அதோடு சரி. வெப்சைட்டில் வரும் அனிமேஷன் விளம்பரம் அப்படி இல்லை. அது பெரும்பாலும் ஒரு குட்டி புரோகிராம். நீங்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் வரை, உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் கரண்ட்டில், உங்கள் பேட்டரியில் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

சாதாரண படத்தை பிரவுசர் ஒருமுறை வரைந்துவிட்டு ஓய்ந்துவிடும். ஆனால் நகரும் படத்தைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுபவை. அதாவது, சீராக நகரும் ஒரு அனிமேஷனுக்கு சுமார் 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை பிரவுசர் புதிதாக வரைந்து கொடுக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் இப்படி நாலைந்து விளம்பரங்கள் இருந்தால், நீங்கள் படிக்க வந்த செய்திக்கு ஆகும் வேலையைவிட விளம்பரத்துக்கு ஆகும் வேலை அதிகமாகிவிடும்.

மெமரி கணக்கையும் பார்ப்போம். 300-க்கு 250 பிக்சல் என்பது வெப்சைட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு விளம்பர அளவு. அதில் மொத்தம் 75,000 பிக்சல்கள். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால், ஒரே ஒரு ஃபிரேமுக்கு 3 லட்சம் பைட். 50 ஃபிரேம் உள்ள ஒரு ஜிஃப் படத்தை முழுதாக விரித்து வைத்தால் சுமார் 15 எம்பி ரேம். டவுன்லோடு ஆகும்போது சில நூறு கேபிதான் இருந்திருக்கும். ஆனால் திரையில் விரியும்போது கதை வேறு.

இது கண்ணுக்குத் தெரிகிற வேலை. தெரியாத வேலையும் உண்டு. அந்த இடத்தில் யாருடைய விளம்பரம் வர வேண்டும் என்பதற்கான ஏலம், நீங்கள் விளம்பரத்தைப் பார்த்தீர்களா என்று கணக்கெடுக்கும் ஸ்கிரிப்ட், உங்கள் நடமாட்டத்தைப் பின்தொடரும் டிராக்கர் என எல்லாமே பின்னால் ஓடும். இவற்றில் கணிசமான பகுதி உங்கள் பிரவுசருக்குள்தான் நடக்கிறது.

ஜிஃப்பில் தொடங்கிய கதை

வெப்சைட் பேனர் விளம்பரத்தின் வரலாறு 1994 அக்டோபரில் தொடங்குகிறது. ‘ஹாட்வயர்டு’ என்ற அமெரிக்க இணைய இதழில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிறிய பேனர் ஒன்று வந்தது. அது அசையாத படம். அடுத்த சில ஆண்டுகளில் அசையும் ஜிஃப் வந்தது. பிறகு ஃபிளாஷ் வந்தது.

2000-களில் இன்டர்நெட் பார்த்தவர்களுக்கு ஃபிளாஷ் விளம்பரங்களை மறக்க முடியாது. குதிக்கும், கத்தும், மவுஸ் பட்டாலே திரை முழுக்க விரியும். கம்ப்யூட்டர் ஹேங் ஆவதற்கும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கும் ஃபிளாஷ் பெயர் போனது. 2015 செப்டம்பரில் கூகுள் குரோம், பக்கத்தின் முக்கியப் பகுதியாக இல்லாத ஃபிளாஷ் காட்சிகளைத் தானாகவே நிறுத்திவைக்கத் தொடங்கியது. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுவனமே முடித்துக்கொண்டது.

ஃபிளாஷ் போய்விட்டது; பிரச்சினை போகவில்லை. அதே வேலையை இப்போது எச்டிஎம்எல்5, ஜாவாஸ்கிரிப்ட், வீடியோ ஆகியவை செய்கின்றன. அப்போது ஃபிளாஷ் என்ற ஒரே ஒரு பிளக்-இன்னை ஆஃப் செய்தால் போதும். இப்போது விளம்பரத்தை ஓட்டும் அதே தொழில்நுட்பத்தில்தான் வெப்சைட்டும் ஓடுகிறது. மொத்தமாக ஆஃப் செய்தால் வெப்சைட்டே வேலை செய்யாது. அதனால்தான் பிரித்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

1,000-ல் 3 விளம்பரம் செய்யும் வேலை

அப்போ எல்லா விளம்பரமும் மோசமா? இல்லை. இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான கணக்கு இருக்கிறது.

2020 மே மாதம் குரோம் குழு வெளியிட்ட தகவல்படி, அளவுக்கு மீறி வளங்களைச் சாப்பிடும் விளம்பரங்கள் மொத்தத்தில் வெறும் 0.3 சதவீதம்தான். ஆனால், எல்லா விளம்பரங்களும் சேர்ந்து செலவழிக்கும் டேட்டாவில் 27 சதவீதமும், சிபியு உழைப்பில் 28 சதவீதமும் அந்த 0.3 சதவீத விளம்பரங்களுக்கே போகிறது. அதாவது ஆயிரத்தில் மூன்று விளம்பரம், கால்வாசிக்கும் மேல் சுமையைத் தருகிறது.

அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் இந்த வகை விளம்பரங்களை குரோம் தானாக அகற்றத் தொடங்கியது. நீங்கள் கிளிக் செய்யாத ஒரு விளம்பரம், கீழே உள்ள மூன்றில் ஏதாவது ஒரு எல்லையைத் தாண்டினால் அகற்றப்படும்.

• 4 எம்பி-க்கு மேல் டேட்டா பயன்படுத்தினால்
• ஏதாவது ஒரு 30 விநாடி இடைவெளிக்குள் 15 விநாடிக்கு மேல் சிபியுவைப் பிடித்துக்கொண்டால்
• மொத்தமாக 60 விநாடிக்கு மேல் சிபியுவைப் பயன்படுத்தினால்

விளம்பரம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பெட்டியில் ‘ஆட் ரிமூவ்டு’ என்று பார்த்திருக்கிறீர்களா? அது இதுதான்.

சரி, குரோமே பார்த்துக்கொள்கிறது என்றால் நமக்கு என்ன வேலை? இந்த எல்லை ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனித்தனி. ஒரு பக்கத்தில் 10 விளம்பரங்கள் இருந்து, ஒவ்வொன்றும் 3 எம்பி எடுத்தால், எதுவுமே விதியை மீறவில்லை. ஆனால் உங்கள் டேட்டாவில் 30 எம்பி காலி. பழைய லேப்டாப்பை மண்டியிட வைக்க அது போதும்.

முதலில் கண்டுபிடியுங்கள்: குற்றவாளி விளம்பரம்தானா?

மருந்து சாப்பிடுவதற்கு முன் நோய் என்னவென்று தெரிய வேண்டும். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் அதற்கான கருவி உள்ளேயே இருக்கிறது.

1. கம்ப்யூட்டர் திணறும்போது பிரவுசரில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள். பிரவுசருக்கே உரிய டாஸ்க் மேனேஜர் திறக்கும். மேக் கம்ப்யூட்டரில் குரோம் பயன்படுத்தினால் மேலே ‘விண்டோ’ மெனுவுக்குள் டாஸ்க் மேனேஜர் இருக்கும்.
2. அதில் ‘சிபியு’ என்ற தலைப்பைக் கிளிக் செய்தால், அதிகம் உழைக்க வைப்பது எது என்பது மேலே வந்து நிற்கும்.
3. குரோமில் ‘சப்ஃபிரேம்’ என்று தொடங்கும் வரிகளைக் கவனியுங்கள். அவை ஒரு பக்கத்துக்குள் வேறு தளத்திலிருந்து வந்து உட்கார்ந்திருப்பவை. விளம்பரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரும்.
4. நீங்கள் எதுவும் செய்யாமல் இருக்கும்போதும் ஒரு சப்ஃபிரேம் தொடர்ந்து பெரிய எண்ணைக் காட்டினால், அதைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் பிராசஸ்’ கொடுங்கள். அந்தப் பெட்டி மட்டும் நின்றுவிடும். பக்கம் அப்படியே இருக்கும்.

நிறுத்தியதும் ஃபேன் சத்தம் அடங்குகிறதா? விஷயம் உறுதி.

இன்னொரு சுலபமான சோதனையும் இருக்கிறது. விக்கிபீடியா பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். விக்கிபீடியா விளம்பரம் வாங்குவதில்லை. எப்போதாவது நன்கொடை கேட்டு ஒரு அறிவிப்பு வரும், அவ்வளவுதான். அங்கேயும் லோன், கேம், லாட்டரி என்று விளம்பரம் ஆடுகிறது என்றால் பிரச்சினை வெப்சைட்டில் இல்லை. உங்கள் கம்ப்யூட்டரிலோ, பிரவுசர் எக்ஸ்டென்ஷனிலோ ஆட்வேர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். தெரியாத எக்ஸ்டென்ஷன்களை நீக்கிவிட்டு, வைரஸ் ஸ்கேன் செய்யுங்கள்.

எதையும் இன்ஸ்டால் செய்யாமல் நிறுத்தும் வழிகள்

ரீடர் மோடு: ஃபயர்பாக்ஸ், எட்ஜ் பிரவுசர்களில் ஒரு கட்டுரையைத் திறந்துவிட்டு விண்டோஸில் எஃப்9 பட்டனை அழுத்துங்கள். எழுத்தும் முக்கியப் படங்களும் மட்டும் மிஞ்சும். ஆடுவதெல்லாம் மறையும். நீண்ட கட்டுரை படிப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆப்பிளின் சஃபாரியிலும் இந்த வசதி உண்டு.

ஆட்டோபிளே: தானாக ஓடும் வீடியோ விளம்பரங்கள்தான் பெரும் சுமை. ஃபயர்பாக்ஸில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, ஆட்டோபிளே என்று போய் ‘பிளாக் ஆடியோ அண்ட் வீடியோ’ கொடுக்கலாம். சஃபாரியில் செட்டிங்ஸில் ‘வெப்சைட்ஸ்’ பகுதியில் ‘நெவர் ஆட்டோ-பிளே’ இருக்கிறது. குரோம் 2018 முதலே சத்தத்துடன் தானாக ஓடும் வீடியோக்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் சத்தமில்லாத வீடியோவை அனுமதிக்கும். காது தப்பிக்கும், சிபியு தப்பிக்காது.

நோட்டிஃபிகேஷன்: திரையின் கீழ் வலது மூலையில் அடிக்கடி விளம்பரம் எட்டிப் பார்க்கிறதா? எப்போதோ ஒரு வெப்சைட்டில் தெரியாமல் ‘அலோ’ அழுத்தியிருப்பீர்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிடுங்கள்.

தொந்தரவு விளம்பரங்கள்: குரோமின் அதே சைட் செட்டிங்ஸில் ‘இன்ட்ரூசிவ் ஆட்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அது ‘பிளாக்’ நிலையில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். விளம்பர விதிகளைத் தொடர்ந்து மீறும் தளங்களில் குரோம் விளம்பரங்களைத் தடுக்கும்.

இந்த விதிகளில் ஒரு வேடிக்கை உண்டு. குரோம் பின்பற்றும் ‘பெட்டர் ஆட்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ்’ பட்டியலில், பளிச் பளிச்சென்று மின்னும் அனிமேஷன் விளம்பரங்கள் மொபைலுக்கு மட்டும்தான் தடை செய்ய வேண்டியவையாக உள்ளன. கம்ப்யூட்டருக்கான பட்டியலில் பாப்-அப், சத்தத்துடன் ஓடும் வீடியோ, கவுண்ட்டவுனுடன் பக்கத்தை மறைப்பது, திரையில் ஒட்டிக்கொள்ளும் பெரிய விளம்பரம் ஆகிய நான்குதான் இருக்கின்றன. அதனால் கம்ப்யூட்டரில் மின்னும் விளம்பரத்தை இந்த வசதி மட்டுமே நிறுத்திவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கிராபிக்ஸ் ஆக்சலரேஷன்: குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் இது ஆன் நிலையில் இருக்க வேண்டும். ஆஃப் ஆகியிருந்தால், கிராபிக்ஸ் சிப் செய்ய வேண்டிய வேலையும் சிபியு தலையில் விழும்.

ஆட் பிளாக்கர் போடலாமா?

மேலே சொன்னவை போதவில்லை என்றால் அடுத்த வழி ஆட் பிளாக்கர். நல்ல ஆட் பிளாக்கர், விளம்பரத்தை வரவழைத்து மறைப்பதில்லை. வருவதற்கு முன்பே தடுத்துவிடும். அதனால் டேட்டாவும் மிச்சம், சிபியுவும் மிச்சம்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் பலரும் பரிந்துரைப்பது ‘யூபிளாக் ஆரிஜின்’. ஃபயர்பாக்ஸில் இது முழுமையாக வேலை செய்யும். குரோமில் நிலைமை மாறிவிட்டது. ‘மேனிஃபெஸ்ட் வி3’ என்ற புதிய விதிமுறையைக் கொண்டுவந்த கூகுள், பழைய முறையில் எழுதப்பட்ட எக்ஸ்டென்ஷன்களை 2024-ல் தொடங்கி 2025-க்குள் படிப்படியாக முடக்கியது. ‘என் ஆட் பிளாக்கர் திடீர்னு காணாம போச்சே’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். குரோமுக்கு அதன் எளிய வடிவமான ‘யூபிளாக் ஆரிஜின் லைட்’ கிடைக்கிறது. அன்றாட விளம்பரங்களுக்கு அது பெரும்பாலும் போதும். பிரேவ் பிரவுசரில் விளம்பரத் தடுப்பு உள்ளேயே வருகிறது. ஓபராவிலும் அந்த வசதி இருக்கிறது, செட்டிங்ஸில் ஆன் செய்துகொள்ளலாம்.

இன்ஸ்டால் செய்யும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

• பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிரபல ஆட் பிளாக்கர்களைப் போலவே பெயர் வைத்த போலிகள் குரோம் ஸ்டோரிலேயே இருப்பதை 2018 ஏப்ரலில் ஆட்கார்டு நிறுவனம் அம்பலப்படுத்தியது. அவற்றை இன்ஸ்டால் செய்திருந்தவர்கள் 2 கோடிக்கும் மேல். விளம்பரத்தைத் தடுக்கப் போய் வேவு பார்ப்பவரை வீட்டுக்குள் விட்ட கதையாகிவிடக் கூடாது.
• இரண்டு மூன்று பிளாக்கர்களை ஒன்றாகப் போடாதீர்கள். அதுவே கம்ப்யூட்டருக்குக் கூடுதல் சுமை. ஒன்று போதும்.
• போன் செய்தோ, பாப்-அப் காட்டியோ ‘உங்க கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு, இதை டவுன்லோடு பண்ணுங்க’ என்று வந்தால் தொடவே தொடாதீர்கள்.

வேகம் மட்டும் அல்ல, பாதுகாப்பும்

2018 ஜனவரியில் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்த சிலருக்கு ஆன்டிவைரஸ் எச்சரிக்கை வந்தது. விளம்பரத்துக்குள் ஒளிந்திருந்த ஒரு ஸ்கிரிப்ட், பார்ப்பவரின் கம்ப்யூட்டரை வைத்து ‘மொனேரோ’ என்ற கிரிப்டோ நாணயத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. சிபியு திறனில் 80 சதவீதம் வரை அது எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்ததாக டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் தெரிவித்தது. கரண்ட் பில் உங்களுக்கு, காசு யாருக்கோ! இந்த வகை ஸ்கிரிப்ட்களை ஃபயர்பாக்ஸ் 2019 செப்டம்பர் முதல் தானாகவே தடுக்கிறது.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ ஒரு பொது எச்சரிக்கை விடுத்தது. தேடல் விளம்பரங்களில் நிறுவனங்களின் பெயரில் போலிகள் வருவதைச் சுட்டிக்காட்டி, இணையத்தில் தேடும்போது ஆட் பிளாக்கர் பயன்படுத்தலாம் என்று அதில் பரிந்துரைத்தது. ஒரு புலனாய்வு அமைப்பே சொல்லும் அளவுக்கு விஷயம் போயிருக்கிறது.

கண்ணுக்கும் ஒரு விதி இருக்கிறது. இணையத்தை அனைவரும் பயன்படுத்துவதற்கான சர்வதேச வழிகாட்டுதலின்படி, ஒரு பக்கத்தில் எதுவும் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது. மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களைப் பாதுகாக்கவே இந்த விதி. தானாகவே தொடங்கி 5 விநாடிக்கு மேல் நகரும் காட்சி என்றால், அதை நிறுத்தும் வசதி தர வேண்டும் என்கிறது இன்னொரு விதி.

மொபைலில் என்ன செய்யலாம்?

இதைப் படிக்கும் பலர் மொபைலில்தான் படிப்பீர்கள். அங்கே ஃபேன் கிடையாது. அதனால் சத்தம் வராது. போன் சூடாகும், சார்ஜ் இறங்கும், டேட்டா கரையும்.

• ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. சைட் செட்டிங்ஸில் இன்ட்ரூசிவ் ஆட்ஸ், பாப்-அப்ஸ் இரண்டையும் பிளாக் செய்து வைக்கலாம்.
• ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷன் வேலை செய்யும்.
• ஐபோனில் ‘கன்டென்ட் பிளாக்கர்’ வகை ஆப்களை இன்ஸ்டால் செய்து சஃபாரிக்கு ஆன் செய்யலாம். ஐஓஎஸ் 17 முதல், செட்டிங்ஸில் ஆக்சசிபிலிட்டி, மோஷன் பகுதிக்குப் போய் அசையும் படங்கள் தானாக ஓடுவதையும் நிறுத்தலாம்.

எல்லா விளம்பரத்தையும் தடுத்தால் வெப்சைட் எப்படி நடக்கும்?

நியாயமான கேள்வி. எங்கள் தளம் உட்பட, இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் பெரும்பாலான செய்தித் தளங்கள் விளம்பர வருமானத்தில்தான் நடக்கின்றன. எல்லோரும் எல்லாவற்றையும் தடுத்தால், செய்தி சேகரிக்கும் செலவுக்கு வேறு வழி தேட வேண்டும். அது சந்தாவாகத்தான் வாசகரிடம் திரும்பி வரும்.

அதே நேரம், வாசகரின் கம்ப்யூட்டரைத் திணற வைக்க எந்த விளம்பரத்துக்கும் உரிமை கிடையாது. கூகுள் ஆட்ஸ் தளத்திலேயே பட விளம்பரத்துக்கு 150 கேபி என்ற வரம்பும், அனிமேஷன் 30 விநாடிக்குள் நின்றுவிட வேண்டும் என்ற விதியும் இருக்கின்றன. அதாவது, லேசாகவும் விளம்பரம் செய்ய முடியும். 4 எம்பியைத் தாண்டும் விளம்பரம் அந்த 150 கேபி வரம்பைப் போல சுமார் 27 மடங்கு எடை கொண்டது. அது தவிர்க்க முடியாத செலவு அல்ல, அக்கறையின்மை.

இதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது. ஆட் பிளாக்கர் வைத்திருந்தாலும், நீங்கள் தினமும் படிக்கும், தொந்தரவு தராத தளங்களுக்கு மட்டும் அதை ஆஃப் செய்து வைக்கலாம். யூபிளாக் ஆரிஜினில் அதன் ஐகானைத் திறந்தால் பவர் பட்டன் போல ஒன்று இருக்கும். அதை ஒருமுறை தட்டினால் அந்தத் தளத்துக்கு மட்டும் விளம்பரம் அனுமதிக்கப்படும். அந்தத் தளத்தில் திரும்பவும் ஃபேன் கத்தினால் மறுபடி ஆன் செய்துகொள்ளுங்கள். எந்த விளம்பரம் வாசகரை விரட்டுகிறது என்பது வெப்சைட் நடத்துபவர்களுக்கும் புரியும்.

இதெல்லாம் செய்தும் ஸ்லோவா இருக்கா?

அப்படியென்றால் காரணம் வேறு. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி சிஸ்டம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்.

• பிரவுசரை மூடிய பிறகும் ‘டிஸ்க்’ 100 சதவீதத்திலேயே நின்றால், பிரச்சினை விளம்பரம் அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டி-ஆக மாற்றினால் நல்ல வித்தியாசம் தெரியும்.
• ‘மெமரி’ எப்போதும் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால், திறந்து வைத்திருக்கும் டேப்களைக் குறையுங்கள். பின்னால் இருக்கும் டேப்களில் அனிமேஷனை பிரவுசரே பெரும்பாலும் நிறுத்திவிடும். ஆனால் அவை பிடித்த ரேம் உடனே திரும்ப வராது. குரோமில் ‘மெமரி சேவர்’, எட்ஜில் ‘ஸ்லீப்பிங் டேப்ஸ்’ வசதியை ஆன் செய்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

சுருக்கமாகச் சொன்னால்: முதலில் ஷிஃப்ட்-எஸ்கேப் அழுத்தி யார் வேலை என்று பாருங்கள். அடுத்து ரீடர் மோடு, ஆட்டோபிளே, நோட்டிஃபிகேஷன் மூன்றையும் சரிசெய்யுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஒரே ஒரு நல்ல ஆட் பிளாக்கர். புது லேப்டாப் வாங்குவதைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.